உங்களுக்குத் தெரியுமா? – பங்குனி வெயிலில் பழவேற்காட்டுப் பறவைகள்

பறவை பார்க்க ஜனவரிதான் மாதம் என்று எப்படியோ நம் மனதில் பதிந்துவிட்டது. சூலூர்பேட்டையில் ஆந்திர அரசு நடத்தும் பூநாரைத் திருவிழா ஜனவரியில். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில். தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் நடத்திவரும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்குப் பெயரே மாதத்தைச் சொல்லிவிடுகிறது. தலையை எண்ணுவதற்கு அது சரியான மாதம்தான். ஆனால் நிறம் பார்க்க வேண்டுமானால் பங்குனி, சித்திரையில் போக வேண்டும். வெயிலுக்குப் பயந்து பைனாகுலரைப் பரணில் போடுகிற அந்த நேரத்தில்தான் பறவைகள் உடை மாற்றுகின்றன, ஊர் திரும்புகின்றன, உள்ளூர்க்காரப் பறவைகள் சுடுமணலில் முட்டை இடுகின்றன.

*

ஆந்திராவின் வரதய்யபாளையத்துக்கு மேற்கே உப்பலமடுகு அருவி விழும் மலைக்காடு; கிழக்கே தடா, அதைத் தாண்டினால் பழவேற்காடு ஏரி. காலையில் காட்டுப்பறவை, மாலையில் கடற்பறவை என்று ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிட்டு வீடு திரும்பக்கூடிய ஊர்கள் நம் பக்கம் அதிகமில்லை. இருந்தும் அருவிக்குக் குளிக்க வருகிற கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட ஏரிப்பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்பது என் கணிப்பு.

*

2022 ஏப்ரல் 4-ஆம் தேதி இந்தப் பறவைகளின் விலாசம் மாறியது. அதுவரை வரதய்யபாளையம் சித்தூர் மாவட்டம். தடா, சூலூர்பேட்டை, கூழைக்கடாக்கள் கூடு கட்டும் நேலபட்டு எல்லாம் நெல்லூர் மாவட்டம். அன்று திருப்பதி மாவட்டம் உருவானதும் அனைத்தும் ஒரே மாவட்டத்துக்குள் வந்துவிட்டன. பெருமாள் மாவட்டத்துக்குக் கருடன் வாழும் கடற்கரையும் சேர்ந்துகொண்டது பொருத்தம்தான்.

*

சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெயர் தமிழ்நாட்டு ஊருடையது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவுதளத்துக்காக வெளியார் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியதால் அங்கே காடு தப்பியது. ஆனால் அதே ஏவுதளத்துக்குச் சூலூர்பேட்டையிலிருந்து ஏரியைக் குறுக்கே வெட்டிப் போட்ட சாலை, தண்ணீரின் போக்கையும் மறித்தது. கோடையில் வடபகுதி முதலில் வறண்டு உப்புத்தரை ஆகிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்துக்கொண்ட கதை.

*

பழுப்புத்தலைக் கடற்காகத்துக்கு டிசம்பரில் பழுப்புத் தலை கிடையாது! தலை வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் மை சிந்தியது போல ஒரு பொட்டு, அவ்வளவுதான். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு படகுத்துறையில் திண்டாடும் புதியவர்களை ஆண்டுதோறும் பார்க்கலாம். மாசி கடைசியில் பொட்டு பரவத் தொடங்கும். பங்குனியில் முகம் முழுக்கக் காப்பிப்பொடி நிறம். அப்புறம் லடாக், திபெத் உயர்நில ஏரிகளுக்குக் கிளம்பிவிடும். குடும்பம் நடத்துவது அங்கேதான்.

மற்றவர்களும் சும்மா இருப்பதில்லை. குளிர்காலம் முழுக்கச் சேற்று நிறத்தில் திரிந்த தங்க உப்புக்கொத்திக்குச் சித்திரைக்குள் வயிறு கன்னங்கரேலென்று ஆகிவிடும், முதுகில் பொன்துகள். வளைமூக்கு உள்ளான் சாம்பலிலிருந்து செங்கல் சிவப்புக்கு மாறும். டிசம்பரில் 'எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே' என்று அலுத்துக்கொண்டவர்கள் ஏப்ரலில் அதே சேற்றைப் பார்த்தால் வேறு பறவைகள் வந்திருப்பதாகவே நினைப்பார்கள்.

*

ஏரி வரை போக முடியாதவர்கள் வயல்வரப்பில் பாருங்கள். டிராக்டர் பின்னால் நடக்கும் உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் கோடையில் ஆரஞ்சு நிறமாகும். குட்டையோரத்தில் மண்ணோடு மண்ணாக நிற்கும் மடையான் முதுகில் அடர்ந்த அரக்கு நிறம் ஏறும். இதற்குப் பைனாகுலர்கூட வேண்டாம்.

*

வளைமூக்கு உள்ளானின் தலையெழுத்தை நிர்ணயிப்பது ஓர் எலி! சைபீரியாவின் வடகோடித் தரிசில் இவை முட்டையிடுகின்றன. அங்கே லெம்மிங் என்ற எலியினம் சில ஆண்டுகள் பெருகும், சில ஆண்டுகள் அருகும். எலி நிறைய இருந்தால் துருவநரிகள் அதைத் தின்று பசியாறும். எலி குறைந்த ஆண்டில் நரியின் பார்வை உள்ளான் கூட்டின் மேல் விழும். அந்த ஆண்டு நம் கரைக்கு வரும் கூட்டத்தில் இளம் பறவைகள் சொற்பம். பழவேற்காட்டுச் சேற்றில் இளம் பறவைகளை எண்ணினால் சைபீரியாவில் எலிகளுக்கு நல்ல வருடமா கெட்ட வருடமா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

*

பயணத்துக்கு முன்னால் பறவை கொழுக்கும். கிளம்புகிற நேரத்தில் குடலைச் சுருக்கிக்கொள்ளும். பங்குனியில் உள்ளான்கள் தலை நிமிராமல் சேற்றைக் கொத்திக்கொண்டே இருப்பது கொழுப்புச் சேர்க்கத்தான். ஒரு கிராம் கொழுப்பு தரும் ஆற்றல், ஒரு கிராம் சர்க்கரை தருவதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். எரியும்போது தண்ணீரும் கிடைக்கும். நடுவானில் சாப்பாடு கிடையாது என்பதால் இரைப்பையும் குடலும் வெறும் சுமை. நெடும்பயணம் போகும் சில இனங்களில் அவை கிளம்பும் முன்பே சிறுத்துவிடுகின்றன. போய்ச் சேர்ந்த பிறகு மறுபடி வளரும்.

இதில் உச்சம் பட்டைவால் மூக்கன். 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து கிளம்பிய ஐந்து மாதக் குஞ்சு ஒன்று, எங்கும் இறங்காமல் 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இறங்கியது. முதுகில் பொருத்தியிருந்த கருவி காட்டிக்கொடுத்த கணக்கு இது. தாய் தகப்பன் துணையில்லாத முதல் பயணம் வேறு! பழவேற்காட்டுக்கு வரும் பட்டைவால் மூக்கன்கள் அந்தக் கூட்டம் இல்லை, சைபீரியக் கூட்டம். ஆனால் இனம் ஒன்றுதான்.

*

எல்லாரும் ஊர் திரும்புவதில்லை. முதல் ஆண்டுக் குஞ்சுகளில் பல, கோட்டான், பவளக்காலி, விரால் அடிப்பான் உட்பட, கோடை முழுக்க இங்கேயே தங்கிவிடும். இணைசேரும் வயது வரவில்லை. அத்தனை தூரம் போய் என்ன செய்ய? மே மாதத்தில் சேற்றில் மங்கிய உடையோடு தனியாக ஒரு கோட்டானைப் பார்த்தால் அடிபட்ட பறவை என்று இரக்கப்பட வேண்டாம்.

*

கோடியக்கரையை ஆங்கிலேயர் 'பாயின்ட் காலிமர்' என்றார்கள். சோழமண்டலக் கரை திடீரென்று மேற்கே திரும்பும் நிலமுனை அது. வங்கக்கடலும் பாக் நீரிணையும் சந்திக்கிற அந்த முனையில் வலசைப் பறவைகள் திரளுவதால் 1967-இல் சரணாலயம் ஆனது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி விடுவதை நெடுங்காலமாகச் செய்துவருகிறது. பழவேற்காட்டுக்கும் கோடியக்கரைக்கும் வருகிற விருந்தாளிகள் பெரும்பாலும் ஒன்றே.

*

இனி இந்தப் பக்கத்தின் கதாநாயகன். உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. மணல்நிற முதுகு, வெள்ளை வயிறு. ஓடும், நிற்கும், கொத்தும், மறுபடி ஓடும். இவ்வளவு காலமும் இதைக் கெண்டிஷ் உப்புக்கொத்தி என்றே எழுதிவந்தார்கள், இங்கிலாந்தின் கென்ட் மாவட்டப் பெயரால். 2023-இல் மரபணுவை ஆராய்ந்தபோது, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குடியிருக்கும் கூட்டம் தனி இனம் என்று தெரிந்தது. பிரிந்து பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறதாம். சேதுவை நினைவில் வைத்து அதற்கு இட்ட பெயர்: அனுமன் உப்புக்கொத்தி! கென்ட்டில் தொடங்கிய பெயர் ராமேஸ்வரத்தில் முடிந்திருக்கிறது.

இது வலசை போகாது. கோடையில் இங்கேயே முட்டையிடும். கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை: மணலில் ஒரு சிறு பள்ளம், ஓரத்தில் நாலைந்து கிளிஞ்சல் துண்டு. நடுவில் மூன்று முட்டை. மங்கிய மணல் நிறம், அதன் மேல் கறுப்புக் கிறுக்கல். ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தாலும் தெரியாது. கால் வைத்த பிறகுதான் தெரியும்.

மற்றப் பறவைகள் முட்டைக்குச் சூடு கொடுக்க அடைகாக்கும். இதற்கு நண்பகலில் நேர்மாறான வேலை: முட்டை வெந்துபோகாமல் காப்பது. வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முட்டையின் மேல் குடையாக நிற்கும். அதுவும் போதாதபோது தண்ணீருக்கு ஓடி, வயிற்று இறகை நனைத்துக்கொண்டு ஓடிவந்து முட்டையின் மேல் அமரும். ஆணும் பெண்ணும் முறை மாற்றிக்கொள்ளும். நீங்கள் அருகில் போனால் பறவை எழுந்துவிடும். நீங்கள் செல்ஃபி எடுத்து முடிக்கும்வரை முட்டைக்கு நிழல் இல்லை. சுடுமணலில் முட்டை கெட அதிக நேரம் வேண்டாம்.

ஒரு சிறகு ஒடிந்ததுபோல மணலில் இழுத்துக்கொண்டு ஒரு குருவி உங்கள் முன்னால் தத்தளித்தால், உதவப் போகாதீர்கள். அது நாடகம். கூட்டிலிருந்து உங்களைத் திசைதிருப்புகிறது. வந்த வழியே, வந்த காலடித் தடத்திலேயே திரும்பிவிடுவதுதான் அதற்குச் செய்யும் உதவி.

*

கடற்காகம் எது, ஆலா எது? மிதந்துகொண்டு, படகிலிருந்து எறிந்த மீன்கழிவுக்கு அடித்துக்கொள்வது கடற்காகம். வால் கத்தரித்து, சிறகு ஒல்லியாகி, அந்தரத்தில் ஒரு நொடி நின்று தலைகீழாகத் தண்ணீரில் பாய்வது ஆலா. காஸ்பியன் ஆலா உலகின் ஆலாக்களிலேயே பெரியது. தடித்த சிவப்பு அலகை ஏரிக்கு நடுவில் இருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். சின்ன ஆலா அதன் நேரெதிர், ஐம்பது கிராம் சுமாருக்கு ஒரு பொடிப் பறவை. சித்திரையில் ஆண் ஒரு மீனைப் பிடித்து அலகில் குறுக்கே வைத்துக்கொண்டு பெண்ணைச் சுற்றிச் சுற்றி வரும். மீன் சிறியதாக இருந்தால் அம்மணி முகத்தைத் திருப்பிக்கொள்வதும் உண்டு.

*

கடல்நீரைக் குடித்தால் நமக்கு வாந்தி. கடற்காகத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. கண்ணுக்கு மேலே உப்பைப் பிரிக்கும் சுரப்பி ஒன்று அதற்கு உண்டு. பிரிந்த உப்புநீர் நாசி வழியாக வடிந்து அலகு நுனியில் சொட்டும். துறைமுகத்தில் கடற்காகம் அடிக்கடி தலையை உதறுவது அதனால்தான். சளி இல்லை!

*

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. 2017-க்குப் பிறகு 61 நாள். மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதற்காக வந்த சட்டம். படகுத்துறையில் எலும்பும் செதிலும் மலிவாகக் கிடைத்துவந்த செம்பருந்துகளுக்கும் அது பஞ்சகாலம்தான். செம்பருந்தைக் கருடன் என்று கும்பிடுகிறோம். அதன் அன்றாடச் சாப்பாட்டில் செத்த மீனும் கழிவும்தான் பெரும்பங்கு. துறைமுகத்தைச் சுத்தமாக வைத்திருக்கும் சம்பளமில்லாத ஊழியர் என்றே நான் அதைக் கும்பிடுவேன்.

*

ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகரும் இருளர் பெண்களைப் பழவேற்காட்டில் பார்க்கலாம். வாயில் ஓலைப் பறியைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறாலைப் பிடித்துப் பறிக்குள் போடுவார்கள். வலை இல்லை, படகு இல்லை. சற்றுத் தள்ளி அதே சேற்றில் கோட்டானும் மூக்கனும் நீண்ட அலகை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கும். இருவருக்கும் இரை கிடைப்பது முகத்துவாரத்தின் கையில். கோடையில் மணல்மேடு வளர்ந்து முகத்துவாரம் அடைபட்டால் கடல்நீர் உள்ளே வராது. ஏரி சுருங்கும், உப்பு ஏறும், இறால் குறையும். முகத்துவாரத்தைத் தூர்வாரு என்று மீனவர்கள் கேட்பது பறவைகளின் கோரிக்கையும்தான்.

*

பூநாரையின் கால் பின்பக்கமாக மடிகிறதே, முழங்கால் திரும்பியிருக்கிறதா? இல்லை. நடுக்காலில் நீங்கள் பார்ப்பது கணுக்கால். உண்மையான முழங்கால் வயிற்று இறகுக்குள் ஒளிந்திருக்கிறது.

ஒற்றைக்காலில் நிற்பது தவமும் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் இருவர் 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், செத்த பூநாரையைக்கூட ஒற்றைக்காலில் நிறுத்த முடிந்தது; இரண்டு காலில் நிறுத்த முடியவில்லை! ஒற்றைக்காலில் உடல் எடை தானாகவே மூட்டில் பூட்டிக்கொள்கிறது. தசைக்கு வேலையே இல்லை.

தலைகீழாக அலகை வைத்துத் தண்ணீரை வடிகட்டித் தின்னும் பாசியும் கூனிப்பூச்சியும்தான் அந்த ரோஜா நிறத்தைக் கொடுக்கின்றன. குஞ்சு சாம்பல் நிறம். இளஞ்சிவப்பு ஏறச் சில ஆண்டுகள் ஆகும். அதனால் பழவேற்காட்டில் வெளிறிய பூநாரையைப் பார்த்தால் நோய் என்று எண்ண வேண்டாம், வயசுதான்.

இவை கூடு கட்டுவது குஜராத்தின் பெரிய கட்ச் பாலைவெளியில். 1945-இல் சலீம் அலி அங்கே போய்ச் சேற்றுமேடுக் கூடுகளைப் பார்த்து, பறவைகள் லட்சக்கணக்கில் இருப்பதாக மதிப்பிட்டார். ஆயுளும் கெட்டி: ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு மிருகக்காட்சிசாலையில் இருந்த பூநாரை ஒன்று 2014-இல் இறந்தபோது அதற்கு வயது 83-க்குக் குறையாது.

*

கூழைக்கடா ஏன் காலையில் தாமதமாகக் கிளம்புகிறது? சோம்பேறித்தனம் இல்லை, சிக்கனம். வெயில் ஏறித் தரை சூடானால் வெப்பக்காற்று மேலே எழும். அதில் ஏறி, சிறகடிக்காமல் வட்டமடித்தே உயரத்துக்குப் போய்விடும். நேலபட்டு ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூடு. மீனுக்குப் பழவேற்காடு வரை நடை. இந்தப் போக்குவரத்துக்கு எண்ணெய்ச் செலவு மிச்சம். 1976-இல் சரணாலயமான நேலபட்டில் பங்குனிக்குள் குஞ்சுகள் பெரும்பாலும் பறந்துவிடும், ஏரியும் வற்றத் தொடங்கும். கூட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் தையில் போங்கள். ஜனவரிக்கு நான் தருகிற ஒரே சலுகை இது.

பறவைக்கு வியர்க்காது. கோடையில் கூழைக்கடா வாயை லேசாகத் திறந்து தொண்டைப்பையைப் படபடவென்று அதிர வைத்தால், அது தனக்குத்தானே விசிறிக்கொள்கிறது என்று அர்த்தம்.

*

வலசையைப் பற்றி வெள்ளைக்காரன் வந்துதான் சொல்ல வேண்டியிருந்ததா? சத்திமுற்றப் புலவர் நாரையைத் தூதுவிட்ட பாட்டைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்த நாரை குமரிவரை வந்துவிட்டு வடக்கே திரும்புகிற நாரை, ஜோடியோடு போகிறது. காலின் சிவப்பையும் அலகின் வடிவையும் புலவர் சொல்லும் விதத்தை வைத்து அது செங்கால் நாரை என்று இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் அடையாளம் கண்டார். தெற்கே வந்து வடக்கே திரும்பும் பறவை என்பது அந்த ஏழைப் புலவருக்குத் தெரிந்திருக்கிறது.

*

இனி மலைப்பக்கம். விடியும்போதும் அந்திசாயும்போதும், ஆறு மணி சுமாருக்கு, இரண்டு விசில் அடித்தாற்போலக் கூப்பிடும் குருவிக்கு நம்மவர்கள் வைத்த பெயர் ஆறுமணிக்குருவி. பச்சை, நீலம், மஞ்சள், கறுப்பு, வெள்ளை, பழுப்பு, வயிற்றடியில் சிவப்பு என்று எல்லாச் சாயமும் பூசிக்கொண்டிருந்தாலும் சருகைக் கிளறிக்கொண்டு தரையிலேயே திரிவதால் கண்ணில் படாது. குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழித்துவிட்டு, ஏப்ரல், மே மாதங்களில் மத்திய இந்தியாவுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் இரவில் பறந்து போகும். வழியில் புதர்க்காடுகளில் இறங்கி இளைப்பாறும். உப்பலமடுகு போகிற வழியில் விடியற்காலையில் வண்டியை நிறுத்தி, பாட்டை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

*

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. சென்னையிலிருந்து சூலூர்பேட்டைக்குப் புறநகர் ரயில் உண்டு. வரதய்யபாளையம் பக்கத்தவர்களுக்குத் தடாவைத் தொட்டுப் போகும் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையே போதும். படகில் போக விரும்பினால் தடா அருகே பீமுனிவாரிபாளையம். எதுவானாலும் ஒன்பது மணிக்குள் பார்த்து முடியுங்கள். அதற்கு மேல் கானல் எழுந்து, பவளக்காலியும் பச்சைக்காலியும் ஒரே ஆட்டம் ஆடும், தொலைநோக்கி எவ்வளவு விலையானாலும். மே மாத இரண்டாம் சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் நாள். பார்த்ததை இபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிந்து வையுங்கள், ஏனென்றால் நம் கரையின் கோடைக்காலப் பதிவு குளிர்காலத்தை விடக் குறைவு.

முக்கியமாக ஒன்று. முகத்துவாரத்து மணலில் பைக், ஜீப் ஓட்டாதீர்கள். நாயைக் கூட்டிப்போனால் கயிற்றோடு கூட்டிப்போங்கள். கோடை முடியும்வரை அங்கே முட்டை இருக்கிறது, உங்களுக்குத் தெரியாது.